பீலித் தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் பத்தாம், பதினோராம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். சுற்றாடல் முன்னோடிக் குழுவும் என் பொறுப்புத்தான். வருடா வருடம் ஜூன் 5இல் மரம் நடுகிறோம், படம் எடுக்கிறோம், அடுத்த வருடம் அதே குழியில் திரும்ப நடுகிறோம். பிள்ளைகளுக்கு ஆர்வமே வரவில்லை. என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை

பதில்: ‘அதே குழி’ என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், டீச்சர். நானும் அப்படி நட்டவள்தான். ஜூனில் உங்கள் பக்கம் மழைக்குக் குறைவில்லை. கன்று காய்ந்து செத்திருக்காது. மாடு கடித்திருக்கும், இல்லையென்றால் புல்வெட்டும் கத்தி பட்டிருக்கும். நட்ட அன்றைக்கே எல்லாரும் கையைக் கழுவிவிட்டால் வேறென்ன நடக்கும்?

ஒரு தவணைக்கு மரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடியுங்கள். “உங்கள் லயத்துப் பீலிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். (லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்; பீலி என்றால் அங்கே எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் இடம்.) தினமும் குடம் தூக்கும் பிள்ளைக்கும் பாதிதான் தெரிந்திருக்கும். தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு, குழாய் பார்க்கும் அண்ணன் ஒருவரோடு ஊற்றுக்கண் வரை ஏறுங்கள். அதற்கு மேலே என்ன இருக்கிறது? மருந்தடிக்கும் தேயிலை மலையா, மாட்டுப்பட்டியா, கக்கூசுக் குழியா? அப்புறம் பீலியிலிருந்து கான் (வடிகால்) வழியே கீழே இறங்குங்கள். ஷாம்பூ பாக்கெட் எங்கே அடைத்து நிற்கிறது, எந்த இடத்தில் மண் கரைகிறது என்று பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர்களே வரையட்டும்.

உங்கள் ஓடை கொத்மலை ஓயாவில் விழுந்து, மகாவலியோடு திருகோணமலைக் கடலுக்குப் போகிறது. கொஞ்சம் தள்ளி நோர்வூட்டில் பெய்யும் மழையோ களனி ஆறாகிக் கொழும்புக்குப் போகிறது. வகுப்பில் சொன்னால் இது வெறும் புவியியல் பாடம். கானில் நின்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது மழை அளப்பது. நேரான பக்கமுள்ள தகர டின் ஒன்று, ஒரு அடிமட்டம், ஒரு கொப்பி போதும். திறந்தவெளியில் வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினாலே விழிப்பு தேவை. 150 தாண்டினால் வெளியேற வேண்டிய நிலை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டின்னில் அளவு குறைவாக இருந்தாலும் நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த சவுக்கு மரம், திடீரென்று கலங்கும் ஊற்று கண்டால் உடனே பெரியவர்களிடம் சொல்லவும் பழக்குங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். குப்பை லொறியே வராத லயத்தில் பிள்ளைகளைப் பொலித்தீன் பொறுக்க விட்டு, அதைச் சுற்றாடல் கல்வி என்று சொல்லாதீர்கள். பொறுக்கியதை எங்கே போடுவது? பிரதேச சபைக்கும் தோட்டத்துக்கும் அந்தக் கலண்டர் படத்தோடு ஒரு கடிதம் எழுத வையுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதம் நினைவூட்டல். அதுவும் பாடம்தான்.

சனி, ஞாயிறிலும் மழை பெய்யும், டீச்சர். டின்னையும் கொப்பியையும் பாடசாலைக்குப் பக்கத்து லயத்துப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்து வையுங்கள்.