ஜிப்சம் போட்டும் களர் போகவில்லையா? முதலில் வடிகாலை வெட்டுங்கள்

கேள்வி: நாங்குநேரி பக்கம் ஒரு ஏக்கர் நெல் வயல். மண்ணின் பிஹெச் (கார அமில நிலை) 9.1. போன பிசான நெல் பருவத்துக்கு முன்னால் ஒரு டன் ஜிப்சம் போட்டு, வரப்பை உயர்த்தி, போர் தண்ணீரைத் தேக்கி அப்படியே வற்றவிட்டேன். நட்ட நாற்று திட்டுத் திட்டாகச் செத்துப்போனது. இன்னொரு டன் போடவா, உரக்கடையில் சொல்கிற களர் நீக்கித் திரவத்தை ஊற்றவா?

பதில்: அண்ணாச்சி, எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனை நிலையத்தில் ‘ஜிப்சம் தேவை’ பார்த்துச் சொல்வார்கள், அதில் பாதி போதும். களர் என்பது களிமண்ணில் சோடியம் ஏறி ஒட்டியிருப்பது. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, ஜிப்சத்தால் விடுபட்ட சோடியம் எந்த வழியாக வெளியே போகும் என்பது.

ஜிப்சத்தின் கால்சியம் களிமண்ணில் ஏறும்போது சோடியம் இறங்கி நீரில் கலக்கும். இது இருவழி வினை. ஒரு டன் முழுதும் வினைபட்டால் சுமார் 825 கிலோ சோடியம் சல்பேட் உண்டாகும். அது வயலிலேயே கிடந்தால் சமநிலை பழைய பக்கமே திரும்பும். வற்றவிட்டதுதான் பெரிய கேடு: நீர் நாலில் ஒரு பங்காகச் சுண்டினால், சோடியம் உறிஞ்சு விகிதம் (கால்சியம், மக்னீசியத்துக்கு எதிரே சோடியத்தின் வலு) இரண்டு மடங்காகி, இறங்கிய சோடியம் மறுபடி களிமண்ணில் ஏறும். போர் தண்ணீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தால், போட்ட கால்சியமும் சுண்ணாம்பாகப் படிந்து வீணாகும். அந்தத் தண்ணீரையும் பரிசோதியுங்கள்.

தாழ்ந்த பக்கம் இரண்டடி ஆழத்துக்கு வடிகால் வெட்டி ஓடையில் சேருங்கள். வயலைச் சமன்செய்து, ஜிப்சத்தைத் தூவி நாலங்குலத்துக்கு மேல் போகாமல் உழுது கலக்குங்கள். குளத்து நீரோ கால்வாய் நீரோ 10 சென்டிமீட்டர் நிறுத்துங்கள். ஒரு லிட்டரில் சுமார் இரண்டரை கிராம் மட்டுமே கரையும் ஜிப்சம் ஏக்கருக்கு ஒரு டன் கரைய அவ்வளவு நீர் வேண்டும். இப்போது தொளி கலக்காதீர்கள், சேறானால் நீர் உள்ளே இறங்காது. நாலைந்து நாள் கழித்து, வற்றுமுன்னே வடித்துவிட்டுப் புதுநீர் கட்டுங்கள். இப்படி மூன்று நான்கு தடவை.

அந்தத் திரவத்தை வாங்காதீர்கள். பத்து சதவீதம் கால்சியம் உள்ளதென்றே வைத்துக்கொண்டாலும் ஐந்து லிட்டரில் இருப்பது ஏறக்குறைய அரைக் கிலோ. ஒரு டன் சுத்த ஜிப்சத்தில் சுமார் 230 கிலோ இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டே விற்பது ஏமாற்று வேலை. அந்தக் காசை மண்வெட்டிக் கூலிக்குக் கொடுங்கள்.

வடித்து முடித்ததும் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்குமுன் மடக்கி உழுங்கள். அது மக்கும்போது வரும் கரியமில வாயு, மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்பையும் கரைத்துக் கால்சியம் தரும். நடவுக்குத் திருச்சி 1 ரகம் களரைத் தாங்கும். ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்கள், டிஏபி உரத்தோடு சேர்க்க வேண்டாம்.