அடைவு நகையில் மேலதிகம் எடுத்து மலையில் பைக் ஓட்டலாமா?

கேள்வி: கோண்டாவில், வயது 33. இங்கே ஓடுவது 150 சிசி பல்சர். கைக்கு வரும் சம்பளம் 1,35,000 ரூபா. மாசி நடுவில் ஆறு பேர் வழிகாட்டியோடு வட தாய்லாந்தில் 500 சிசி பைக்கில் ஏழு நாள் பயணம் போகிறோம். ஆளுக்கு 4,80,000. முற்பணம் 1,20,000 கட்டிவிட்டேன். மீதியை 45 நாளுக்கு முன் கட்டவேண்டும். 60 நாளுக்கு முன் சொன்னால் அடுத்த பருவத்துக்கு மாற்றலாம். மனைவியின் 6 பவுண் நகை மூன்று வருடத்துக்கு முன் 3 இலட்சத்துக்கு அடைவு வைத்தது. இடையிடையே எடுத்து இப்போது 7,50,000 நிற்கிறது, வட்டி 17 வீதம். பவுண் விலை ஏறியதால் இன்னும் 3,60,000 தருவார்களாம். கனடாவிலிருந்து வரும் மச்சான், "கிரெடிட் காட்டில பன்னிரண்டு மாத வட்டியில்லாத் தவணை போடு, கட்டணம் 7 வீதம்தான். என்ர பைக் டெப்பொசிட்டையும் நீயே போடு, பிறகு பாப்பம்" என்கிறார். காட் எல்லை 5 இலட்சம். வட்டியும் சீட்டும் கட்டி மாதம் 20,000 மிஞ்சும். சித்திரையில் போனஸ் 1,50,000, ஐப்பசியில் சீட்டுக்காசு 2 இலட்சம் வரும். எந்த வழி நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம். பயணத்தை அடுத்த பருவத்துக்கு மாற்றுங்கள். இந்தப் பயணம் வராவிட்டாலும் வேறொரு தேவைக்கு அதே அடைவுக் கவுண்டருக்குத்தான் போயிருப்பீர்கள். பவுண் விலை ஏறும்போதெல்லாம் அதே நகையில் மேலதிகம் எடுக்கும் பழக்கம்தான் உங்களைத் தின்கிறது.

கணக்கைப் பருமட்டாகப் பாருங்கள். முதல் வருடம் 3 இலட்சத்துக்கு வட்டி 51,000. அடுத்த வருடம் கடன் 5 இலட்சம் என்று வைத்தால் 85,000. இந்த வருடம் 7,50,000க்கு 1,27,500. மூன்று வருடத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேல் வட்டி போயும் ஒரு மோதிரம்கூட வீடு திரும்பவில்லை. இன்னும் 3,60,000 எடுத்தால் மாத வட்டி 10,600இலிருந்து 15,700 ஆகும். நகை விலை ஏறியதை நீங்கள் வருமானம்போலப் பார்க்கிறீர்கள். உங்கள் நகைக்கு உங்களுக்கே கூடிய கடன் தருகிறார்கள், அவ்வளவுதான். 2013இல் தங்கம் விழுந்தபோது இங்கே எத்தனையோ பேர் நகையை மீட்காமலே விட்டார்கள், வங்கிகளும் அடி வாங்கின. எல்லைவரை எடுத்து வைத்தவருக்கு அப்படியொரு சரிவில் தப்ப இடமில்லை.

வட்டியில்லாத் தவணை என்பது இப்போது நல்லாய் விலைப்படும் சரக்கு. 3,60,000க்கு 7 வீதக் கட்டணம் 25,200. மாதாமாதம் முதல் குறைந்துகொண்டு போவதால், வருடத்தில் சராசரியாக உங்கள் கையில் நிற்கும் கடன் இரண்டு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு 25,200 என்றால் ஏறக்குறைய 13 வீத வட்டி. தவணையோ மாதம் 30,000, மிஞ்சுவதோ 20,000. குறையும் பத்தாயிரத்துக்கு மறுபடி நகைதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் பைக் எடுக்கும் இடத்தில் வரும். தவணை போட்டதும் காட்டில் முழு 3,60,000உம் பிடிபட்டு, மீதி 1,40,000தான் நிற்கும். 500 சிசி பைக்குக்கு 20,000 பாத் டெப்பொசிட் கேட்டால், பாத்துக்கு 9 ரூபா வீதம் 1,80,000. உங்களுடையதற்கே காட் மறுக்கும், இதில் மச்சானுடையது வேறு! அவருடைய காட்டில் அவர் போடட்டும். டெப்பொசிட் திரும்பி வரும் காசுதான், ஆனால் அவர் பைக்கை விழுத்தினால் காசு வெட்டுவது உங்கள் கிரெடிட் காட்டில்.

விழுவதும் பெரும்பாலும் ஓடும்போதல்ல, சரளைக்கல்லில் நிறுத்தும்போது. கிளச் லீவர், சிக்னல் லைட், கண்ணாடி என்று பட்டியல் வரும். நீங்கள் 150 சிசியில் பழகியவர். ஹொண்டா சீபி 500 எக்ஸ் 200 கிலோவுக்குக் கிட்ட. உங்கள் பல்சரைவிட ஐம்பது கிலோ கூட. ஏற்பாட்டாளரின் விலைத்தாளில் 300 சிசி பைக்குக்கு 50,000 குறைவு, அறையைப் பகிர்ந்தால் இன்னும் 45,000 குறைவு. இரண்டையும் எடுங்கள். ஆனால் 300 சிசி ட்ரெயில் பைக்கின் இருக்கை உயரம், கால் எட்டுமா என்று முதலில் பாருங்கள். பைக்கை வாங்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கள்.

இனி அடுத்த வருடக் கணக்கு. போனஸை அப்படியே அடைவின் முதலில் கட்டுங்கள். மாத வட்டி 8,500க்கு இறங்கும். அதோடு ஒரே அடைவுத் துண்டில் (ரசீதில்) கிடக்கும் நகையைப் பிரித்து, காப்புக்கு ஒன்று, சங்கிலிக்கு ஒன்று என்று தனித்தனி அடைவுத் துண்டு போடச் சொல்லுங்கள். அப்போதுதான் ஒவ்வொன்றாய் மீட்கலாம். பயணத்துக்கு: மாதம் 20,000 வீதம் 2,40,000, சீட்டு 2 இலட்சம், அடைவு வட்டி குறைவதால் மிஞ்சுவது ஒரு 17,000. தேவை: மீதிப் பணம் 2,65,000, விமானம் 1,30,000 அளவில், காப்புறுதிக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் 25,000, கைச்செலவு 20,000. மிஞ்சும் பதினேழாயிரத்தில் கையுறையும் சப்பாத்தும் வாங்கலாம். ஜக்கெட்டை அங்கே வாடகைக்கு எடுங்கள். பெற்றோல் பொதியில் இல்லாவிட்டாலும் பயமில்லை: 900 கிலோமீற்றருக்கு 36 லீற்றர், 12,000 ரூபாவுக்குள் முடியும்.

காப்புறுதியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பல பயணக் காப்புறுதிகள் 125 சிசிக்கு மேல் கைகழுவிவிடும். கிரெடிட் காட்டோடு இலவசமாய் வரும் காப்புறுதியை நம்பவே வேண்டாம். சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ வகுப்பு இருக்கிறதா பாருங்கள், ஏ1 100 சிசி வரைதான். சர்வதேச அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பில் ஓட்டோமொபைல் சங்கத்தில் எடுக்கும்போது மோட்டார் சைக்கிள் பகுதியிலும் முத்திரை விழவேண்டும். அது இல்லாமல் விழுந்தால் ஆஸ்பத்திரி பில் உங்களுடையது.

புதுத் திகதியை மாசிக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். அதற்குப் பிறகு அங்கே வயல், காடு எரிக்கும் புகை மூடும், மலை தெரியாது. அந்த நாட்களில் பயணத்தை மலிவாய்த் தருவதும் அதனால்தான். வட தாய்லாந்தின் மே ஹொங் சொன் மலைப்பாதைச் சுற்றில் 1,864 வளைவு என்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் மேடு என்றால் பாலம்தான், தம்பி. ஏ-9இல் 321 கிலோமீற்றர் கண்டிக்கு இறங்கி, மஹியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவில் இரண்டு நாள் ஏறி இறங்குங்கள். போகவரப் பெற்றோல் ஆறாயிரத்துக்குள் அடங்கும். 60 நாள் கெடு கிட்டுகிறது; திகதி மாற்றும் கடிதத்தை இந்தக் கிழமையே அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.