கடைசியாக ஓடி வரும் மகள்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், சகோதரி. முதல் முறை படித்தபோது, அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் சிறந்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சங்கமான நேஷனல் ஹானர் சொசைட்டியில் மகளுக்கு இடம் கிடைக்காததுதான் விஷயம் என்று நினைத்தேன். இரண்டாம் முறைதான் அந்தக் கடைசி வரி கண்ணை உறுத்தியது: “ஆறு கிளப்பையும் விட்டுவிடுகிறேன், ஓட்டத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறாள். அதிலும் கடைசியாகத்தான் வருகிறாள்.” நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அந்த வரிக்கு வருகிறேன்.

நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏவில் 3.9 வைத்திருக்கும் பெண்ணை எப்படி விட்டார்கள் என்று கேட்கிறீர்கள். நம் ஊரில் கட்-ஆஃப் என்று ஓர் எண் உண்டு. அதற்கு மேல் இருந்தால் உள்ளே, கீழே இருந்தால் வெளியே. நீங்களும் நானும் அப்படித்தான் கல்லூரி வாசலைத் தாண்டினோம். 1921-இல் தொடங்கிய இந்தச் சங்கத்தின் கணக்கு வேறு. கல்வி, சேவை, தலைமை, நற்குணம் என்று நான்கையும் பார்ப்பார்கள். தேசிய அளவில் வைத்திருக்கும் குறைந்தபட்ச ஜிபிஏ 3.0, பள்ளிகள் அதை உயர்த்திக்கொள்ளலாம், பல பள்ளிகள் உயர்த்தியும் இருக்கின்றன. அந்த எண்ணைத் தாண்டினால் படிவம் கைக்கு வரும், அவ்வளவுதான். பிறகு, தலைமையாசிரியர் நியமித்த ஐந்து ஆசிரியர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக எடுத்து வாக்களிக்கிறார்கள். தலைமையாசிரியருக்கே அதில் வாக்கு இல்லை.

அந்த ஐவரில் யாருக்கோ மகளைப் பிடிக்கவில்லையோ என்று சந்தேகப்படுகிறீர்கள். இருக்கலாம், அவர்களும் மனிதர்கள்தானே. ஆனால் நான் பார்த்தவரை, பிள்ளைகள் பெரும்பாலும் படிவத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள். கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு நிரப்பிய படிவமாக இருக்கும். என்னிடம் வந்த ஒரு பையன் சேவை என்ற கட்டத்தில் “கோயிலில் உதவி செய்தேன்” என்று ஒரே வரி எழுதியிருந்தான். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், என்ன உதவி, யார் மேற்பார்வை, ஒன்றும் இல்லை. விசாரித்தால், இரண்டு வருடமாக அன்னதானக் கூடத்தில் சாம்பார் வாளி தூக்கியவன் அவன். முந்நூறு பேர் சாப்பிட்டு எழுந்த பிறகு மேசைகளைத் துடைத்து மடக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அந்த ஐந்து ஆசிரியர்களுக்கும் அன்னதானம் என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. படிவமும் சொல்லவில்லை.

இப்போது செய்யவேண்டியது ஒன்றுதான். சங்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியரை மகளே போய்ப் பார்க்கட்டும். என்ன குறைந்தது, பன்னிரண்டாம் வகுப்பில் மறுபடி விண்ணப்பிக்கும் வாய்ப்பு இந்தப் பள்ளியில் உண்டா என்று இரண்டே கேள்விகள். நீங்கள் உடன் போகவேண்டாம். மின்னஞ்சலும் அனுப்பவேண்டாம், முக்கியமாக இரவு நேரத்தில். முறைகேடு நடந்ததாக உண்மையிலேயே ஆதாரம் இருந்தால் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். தேசிய அலுவலகத்துக்கு எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். உள்ளூர்ப் பள்ளியின் தேர்வை அவர்கள் மாற்றுவதில்லை.

அடுத்த தெருத் தோழியின் மகளுக்குக் கிடைத்துவிட்டதே, அவள் முந்திவிடுவாளே என்ற பயத்துக்கும் பதில் சொல்லவேண்டும். பெரும்பாலான கல்லூரிகளுக்கு நம் பிள்ளைகள் விண்ணப்பிப்பது காமன் ஆப் என்ற பொது இணைய விண்ணப்பம் வழியாக. அதில் கௌரவங்களுக்கு ஐந்து வரிகள் உண்டு. ஹானர் சொசைட்டி அதில் ஒரு வரி. விண்ணப்பங்களைப் படிக்கும் அதிகாரி அந்த வரியை அன்று காலையிலிருந்தே பலமுறை பார்த்திருப்பார். மகளின் மதிப்பெண்களும் அவள் எடுத்த கடினமான பாடங்களும் ஏற்கெனவே அவர் முன்னால் விரிந்து கிடக்கின்றன. உறுப்பினர்களுக்கென்று உதவித்தொகை ஒன்று உண்டு, அது கிடைத்தால் நல்லதுதான். பட்டமளிப்பு நாளில் தோளில் ஒரு பட்டை தொங்கும், புகைப்படத்தில் அழகாக இருக்கும். என் கணிப்பில் நஷ்டம் இவ்வளவுதான். வேண்டுமானால் நீங்களே சோதித்துப் பாருங்கள். கல்லூரிகள் பலவும் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற அட்டவணையைத் தேடுங்கள். சேர்க்கையில் எதற்கு எவ்வளவு கனம் என்று ஒவ்வொரு கல்லூரியும் தானே குறித்திருக்கும். பாடங்களின் கடினம், மதிப்பெண், கட்டுரை, பிற செயல்பாடுகள், நற்குணம் என்று வரிசை போகும். ஹானர் சொசைட்டிக்கு என்று அதில் தனி வரியே கிடையாது.

இன்னொன்று. “உங்கள் மகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாள்” என்று தங்க எழுத்தில் வீட்டுக்கே ஒரு கடிதம் வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்குத் தெரியாமல் நேராக வீட்டுக்கு வந்து, சேரக் கட்டணம் கேட்கும் கௌரவத்துக்குப் பணம் கட்டவேண்டாம்.

இனி கிளப்புகள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் டெக்கா இருக்கிறது, எஃப்பிஎல்ஏ இருக்கிறது; இரண்டும் வணிகம் சார்ந்தவை. மருத்துவத் துறைக்குப் போகிறவர்களுக்கான ஹோசாவும் இருக்கிறது. மாதிரி ஐ.நா. சபை நடத்தும் மாடல் யுஎன், அறிவியல் போட்டியான சயின்ஸ் ஒலிம்பியாட், சமூக சேவைக்கான கீ கிளப் வேறு. ஒரே பெண் வியாபாரியாகவும் டாக்டராகவும் ஐ.நா. தூதராகவும் விஞ்ஞானியாகவும் ஆகப்போகிறாள் போலிருக்கிறது. இதில் எத்தனை அவளாகச் சேர்ந்தவை என்று நான் கேட்டதற்கு, யோசித்து “இரண்டு” என்று எழுதினீர்கள். அந்த நேர்மைக்கு நன்றி. நானும் சளைத்தவன் இல்லை. என் மகனை மாதிரி நீதிமன்றத்தில் வாதாடிப் பழகும் மாக் ட்ரயல் கிளப்பில் சேர்த்துவிட்டது நான்தான். ஒரு வருடம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டு வந்தான். வழக்கறிஞருக்கான திறமை ஏதாவது அங்கே வெளிப்பட்டது என்றால், அது அவன் கடைப்பிடித்த மௌனம்தான்.

காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். அந்த எண்களைத்தான் நம்மவர்கள் கவனிப்பதில்லை. ஓர் அப்பா, மகனின் பட்டியலைப் பெருமையோடு கொண்டுவந்தார். பத்து வரியும் நிரம்பியிருந்தது. வார மணி நேரங்களைக் கூட்டினேன், 61 வந்தது. பள்ளி நேரத்தையும் வீட்டுப்பாடத்தையும் சேர்த்தால் அந்தப் பையன் தூங்கவே இல்லை. படிக்கிற அதிகாரிக்கும் கூட்டல் தெரியும் என்று சொன்னேன்.

150 எழுத்தில் என்ன சொல்ல முடியும்? உங்கள் மகள் எழுதிவைத்திருக்கும் கீ கிளப் வரி இது: “பல சமூக சேவை நிகழ்ச்சிகளில் பங்கேற்றுத் தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டேன்.” இதை நாட்டில் எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் எழுதலாம். உணவு வங்கியில் அவள் செய்ததாக நீங்கள் போகிறபோக்கில் சொன்னதை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்: “சனிக்கிழமைகளில் உணவு வங்கியில் டப்பாக்களை அடுக்குகிறேன். காலாவதித் தேதிப்படி பிரித்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தேன். புதியவர்களைப் பழக்குகிறேன்.” இதை எழுத அந்த இடத்தில் நின்று கை வலித்திருக்கவேண்டும். ஆகவே கீ கிளப் இருக்கட்டும். அவளாகச் சேர்ந்த மற்றொன்றான சயின்ஸ் ஒலிம்பியாடை வைத்துக்கொள்வதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். மற்ற நான்கையும் இந்த மாதமே விட்டுவிடலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இருபது இடங்கள் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருபது இடம் இருந்தால் இருபதையும் நிரப்பவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 2016-இல் ஹார்வர்டின் கல்வியியல் கல்லூரியிலிருந்து வந்த ஓர் அறிக்கை, இந்தப் பட்டியலையே நான்கு செயல்பாடுகளுக்குச் சுருக்கினால் என்ன என்று கேட்டது.

குடும்பத்துக்குப் பிள்ளைகள் செய்யும் பணியையும் மதிக்கவேண்டும் என்று அதே அறிக்கை வலியுறுத்தியது உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தும். நீங்கள் இருவரும் வேலையிலிருந்து திரும்பும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், மருந்துக் கடைக்காரர் சொல்வதைத் தமிழில் பாட்டிக்குச் சொல்கிறாள் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தீர்கள். அதை ஏன் அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்? காமன் ஆப்பில் குடும்பப் பொறுப்பு என்று தனி வகையே இருக்கிறது. வீட்டு வேலையை வெளியே சொல்வது நமக்குக் கூச்சம். கஷ்டப்படுகிற குடும்பம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். வாரம் எட்டு மணி நேரம், வருடம் முழுக்க, இரண்டு மொழியில் ஒரு பெண் செய்கிற வேலை அது. டெக்காவுக்கு முன்னால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பதையும் சேருங்கள். கலிஃபோர்னியாவில் 2011-இல் சட்டமாகிப் பிற மாநிலங்களுக்கும் பரவிய, ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ந்த மாணவர்களுக்குத் தரும் இருமொழி முத்திரையைத் தமிழுக்கு உங்கள் பள்ளி மாவட்டம் தருகிறதா என்று பள்ளிக் கவுன்சலரிடம் கேட்டு வையுங்கள்.

இப்போது ஓட்டம்.

கிராஸ் கன்ட்ரிப் பந்தயத்தில் மேட்டிலும் சேற்றிலும் ஐந்து கிலோமீட்டர் ஓடவேண்டும். உங்கள் மகள் ஜேவி அணியில் இருக்கிறாள், அதாவது பள்ளியின் முதன்மை அணிக்கு அடுத்த அணி. பல பள்ளிகளில் இந்த விளையாட்டுக்கு யாரையும் கழித்து அனுப்புவதில்லை, வருகிறவர்கள் எல்லாரும் ஓடலாம். முதன்மை அணியில் ஏழு பேர் ஓடினால் முதல் ஐந்து பேர் வந்த இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகை வந்த அணிக்கு வெற்றி. ஆறாவது, ஏழாவது ஆள் வந்த இடம் தம் அணியின் கூட்டலில் சேராது. ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் அவர்கள் வந்துவிட்டால், அந்த அணியின் கூட்டுத்தொகை ஏறிவிடும். பின்னால் வருகிறவருக்கும் கணக்கில் வேலை இருக்கிற விளையாட்டு இது. உங்கள் மகள் அந்த ஏழு பேரில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்த ஓட்டம் அவளை எந்தக் கல்லூரிக்குள்ளும் கொண்டுபோய் விடாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாறவேண்டாம். பள்ளி அளவில் விளையாடும் பிள்ளைகள் ஏறத்தாழ 80 லட்சம். கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் அதில் சிறு பங்கு. ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும், கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் இருக்கும் கல்லூரிகளும் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தருவதில்லை. 2019-இல் அம்பலமான சேர்க்கை மோசடி நினைவிருக்கும். பிள்ளைகளைத் துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்து, படகு வீரர்கள் என்று காட்டிய பெற்றோர் சிறைக்குப் போனார்கள். விளையாட்டு வழியாக உள்ளே போவது அவ்வளவு குறுகலான கதவு.

டெக்சஸில் இருக்கும் உங்கள் அண்ணன், மார்க் குறைந்தால் விளையாட விடமாட்டார்கள் என்று சொன்னது அங்கே உண்மைதான். 1984-இல் வந்து, பிறகு திருத்தப்பட்ட சட்டப்படி, ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் வெளியே உட்காரவேண்டும். உங்கள் நியூஜெர்சியில் விதி வேறு. 3.9 வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்தக் கவலையும் இல்லை.

அப்படியென்றால் எதற்காக ஓடவேண்டும்? இதை அவளிடம் கேட்டீர்களா? நான் கேட்டேன், போன வாரத் தொலைபேசிப் பேச்சில், நீங்கள் தேநீர் போடப் போயிருந்தபோது. செப்டம்பரில் 34 நிமிடம் எடுத்தாளாம், இப்போது 30 நிமிடம் 20 வினாடி. 30-க்குக் கீழே வரவேண்டுமாம். கடைசியாக வருகிறவர் முடிக்கும்வரை அணி முழுக்க எல்லைக்கோட்டில் நின்று பெயர் சொல்லிக் கத்துவார்களாம். “அங்கிள், வாரத்தில் அந்த ஒரு நேரம்தான் யாரும் என்னை யாரோடும் ஒப்பிடுவதில்லை” என்றாள். பதினாறு வயதுப் பெண் இதைச் சொல்லக் கேட்டு எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. உங்களுக்கு எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, எழுதலாமா என்று அவளிடமே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இதுவரை ஒரு பந்தயத்துக்கும் போனதில்லை என்கிறீர்கள். வரும் சனிக்கிழமை போங்கள். எல்லைக்கோட்டில் கூட்டமாக இருக்கும், இரண்டாவது மைல் அருகே போய் நில்லுங்கள். அங்கேதான் கால் தளரும், ஆளும் இருக்கமாட்டார்கள். அக்டோபர்க் காற்று குத்தும், ஒரு போர்வையும் வெந்நீரும் எடுத்துக்கொள்ளுங்கள். முடித்துவிட்டு வந்ததும் எத்தனையாவது என்று கேட்காதீர்கள். எத்தனை நிமிடம் என்று கேட்கலாம்.

ஹானர் சொசைட்டி ஆசிரியர் மகளிடம் என்ன சொன்னார் என்பதைத் திங்கட்கிழமைக்குப் பிறகு எனக்கு எழுதுங்கள். 30-க்குக் கீழே வந்துவிட்டாளா என்பதையும் எழுதுங்கள்.