ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங் டாஸ்க் 1: கிராஃபில் உள்ள எல்லா எண்களையும் எழுதியும் பேண்ட் 6-ஐத் தாண்ட முடியவில்லை. என்ன செய்வது?

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் அகாடமிக் பிரிவில், படத்தை விவரித்து எழுதும் டாஸ்க் 1-இல் லைன் கிராஃப் வந்தால் ஓர் எண்ணைக்கூட விடாமல் எழுதுவதாகவும், ஏற்ற இறக்கங்களுக்கு விதவிதமான சொற்களை மனப்பாடம் செய்து வைத்திருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். பயிற்சி விடைகளைத் திருத்திக் கொடுக்கும்போது நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். மார்க் ஏறாததற்குப் பெரும்பாலும் காரணம், ஓர் எண்ணைக்கூட விடாததுதான்.

வினாத்தாளை மறுபடியும் படித்துப் பாருங்கள். முக்கிய அம்சங்களைத் தேர்ந்தெடுத்துச் சுருக்கமாகச் சொல்லுங்கள், பொருத்தமான இடத்தில் ஒப்பிடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். எதை விடுவது என்று முடிவெடுப்பதும் தேர்வின் ஒரு பகுதி. தேர்வு நடத்துபவர்களே வெளியிட்டிருக்கும் மதிப்பெண் அளவுகோலில் பேண்ட் 5-க்கு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? விவரங்களை இயந்திரம்போல ஒப்பிப்பது, முக்கிய அம்சங்களைப் போதுமான அளவு சொல்லாதது. பேண்ட் 7-க்கு வந்தால் முக்கியப் போக்குகளையோ வேறுபாடுகளையோ தெளிவாகக் காட்டும் ஓவர்வியூ, அதாவது ஒட்டுமொத்தச் சுருக்கம், வேண்டும். ஆக, சொற்களைத் தேடுவதற்கு முன் படத்தை முழுதாகப் பார்க்கக் கற்க வேண்டும்.

ஒரு கிராஃபைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு நகரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் எதில் பயணம் செய்கிறார்கள் என்று 1990 முதல் 2020 வரை மூன்று கோடுகள். பஸ் 60 சதவீதத்திலிருந்து 35-க்கு இறங்குகிறது. கார் 25-லிருந்து 50-க்கு ஏறுகிறது. ரயில் 15-ஐ ஒட்டியே கிடக்கிறது. 2005 வாக்கில் பஸ் கோடும் கார் கோடும் வெட்டிக்கொள்கின்றன.

இதைப் பலரும் எப்படி எழுதுகிறார்கள்? 1990-இல் பஸ் 60, 1995-இல் 55, 2000-இல் 48 என்று ஒரு கோட்டைக் கடைசிவரை ஓட்டிவிட்டு, அப்புறம் காருக்கு வருகிறார்கள். அப்புறம் ரயில். படிப்பவருக்கு எண்கள் கிடைக்கின்றன, கதை கிடைப்பதில்லை. இந்தக் கிராஃபின் கதை ஒன்றுதான்: பஸ்ஸும் காரும் இடம் மாறிக்கொண்டன, ரயில் அசையவில்லை. இதை எண்களே இல்லாமல் இரண்டு வாக்கியத்தில் எழுதினால் அதுதான் ஓவர்வியூ. ‘ஓவரால்’ என்று தொடங்கி, முன்னுரை வாக்கியத்துக்கு அடுத்தே எழுதிவிடுங்கள். கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், நேரம் போதாமல் முதலில் விடுபடுவது அதுதான்.

அதற்குப் பிறகு எண்கள். தொடக்கம், முடிவு, உச்சம், அடிமட்டம், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம், இவை போதும். கோடு கோடாக எழுதாமல், எதிரெதிராகப் போகும் பஸ்ஸையும் காரையும் ஒரே பத்தியில் வையுங்கள். ஒப்பீடு தானாக வந்து உட்காரும். ரயிலுக்கு ஒரு வாக்கியம் போதும்.

சரி, சொற்களுக்கு வருகிறேன். ‘ஸ்கைராக்கெட்’ (கிடுகிடுவென ஏறுவது), ‘பிளம்மெட்’ (தடாலென விழுவது) போன்றவற்றை எல்லா இடத்திலும் தெளிப்பது எனக்குப் பிடிப்பதே இல்லை. முப்பது ஆண்டுகளில் படிப்படியாக ஏறிய ஒன்றை ‘ஸ்கைராக்கெட்’ என்று எழுதினால் அது தகவல் பிழை. ‘ரோஸ்’, ‘ஃபெல்’, ‘ரிமெய்ன்ட் ஸ்டேபிள்’, ‘பீக்ட்’, ‘லெவல்ட் ஆஃப்’, ‘ஃப்ளக்சுவேட்டட்’, இவற்றோடு ‘கிராஜுவலி’, ‘ஸ்டெடிலி’, ‘ஷார்ப்லி’ என்று வேகத்தைச் சொல்லும் சில சொற்கள். இவற்றைத் தப்பில்லாமல் கையாண்டாலே விடை நிமிர்ந்து நிற்கும்.

உண்மையில் மார்க் கசிவது சின்னச் சின்னச் சொற்களில். ‘ரோஸ் டு 50’ என்றால் 50-ஐத் தொட்டது. ‘ரோஸ் பை 25’ என்றால் இருந்ததற்கு மேல் 25 கூடியது. இரண்டையும் மாற்றிப் போட்டால் சொல்லும் தகவலே வேறாகிவிடும். பெயர்ச்சொல்லாக எழுதும்போது எவ்வளவு என்பதற்கு ‘எ ரைஸ் ஆஃப்’, எதில் என்பதற்கு ‘எ ரைஸ் இன்’. உச்சத்துக்கு ‘பீக்ட் அட்’.

இன்னொன்றையும் கவனியுங்கள். கார் 25 சதவீதத்திலிருந்து 50 சதவீதமானால் அது 25 சதவீத உயர்வு ஆகாது. 25 ‘பர்சன்டேஜ் பாயின்ட்’ உயர்வு, அதாவது இரண்டு மடங்கு. ‘டபுள்ட்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் அழகாகவும் இருக்கும், தவறும் வராது.

எழுவாயையும் பாருங்கள். ‘தி கிராஃப் இன்க்ரீஸ்ட்’ என்று எழுதுகிறார்கள். கிராஃப் எங்கே ஏறியது? ‘கார்ஸ் இன்க்ரீஸ்ட்’ என்பதும் இங்கே பொருந்தாது. ஏறியது கார் பயணிகளின் விகிதம். எது ஏறியது, எண்ணிக்கையா, விகிதமா, விலையா என்று அச்சில் போட்டிருப்பதைப் பார்த்து அதையே எழுவாயாக வையுங்கள்.

ஆண்டுகள் முடிந்துபோனவை என்றால் இறந்தகாலம். வரப்போகும் ஆண்டுகள் இருந்தால் ‘இஸ் புரொஜெக்டட் டு’ போன்ற அமைப்பு. பஸ்ஸை ஏன் விட்டார்கள் என்ற காரணத்தை மட்டும் எழுதப் போகாதீர்கள். படத்தில் இல்லாத எதுவும் இங்கே வேண்டாம்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மொத்தம் 60 நிமிடம், இதற்கு 20 நிமிடம்தான் ஒதுக்கச் சொல்கிறார்கள், 150 சொல்லுக்குக் குறையக் கூடாது. முதல் மூன்று நான்கு நிமிடம் பேனாவைத் தொடாமல் படத்தைப் பார்க்கச் செலவிடுங்கள், அது வீணாகாது. 170, 180 சொல்லில் நிறுத்திக்கொள்ளலாம். 20 நிமிடம் ஆனதும் ஓர் எண் விட்டுப்போயிருந்தாலும் டாஸ்க் 2-க்குப் போய்விடுங்கள், அந்தக் கட்டுரைக்கு இதைப்போல இரண்டு மடங்கு மதிப்பு.