புதன் இப்ப எங்க இருக்கு? கால்குலேட்டர எடுங்க!

கேள்வி: கெப்ளர் விதி படிச்சாச்சு, கோளோட பாதை நீள்வட்டம்னும் தெரியும், அப்போ தேதியக் குடுத்தா கோள் எங்க இருக்குன்னு ஒரே ஃபார்முலாவுல வந்துடணும்ல, ஏன் சார் வரமாட்டேங்குது?
(பி.எஸ்சி மேத்ஸ் மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: வராதும்மா, 1609லயே கெப்ளர் கைய விரிச்சுட்டாரு. நேரம் போகப் போக சூரியனையும் கோளையும் சேக்கற கோடு வாரிக்கிட்டு போற பரப்பும் அதே கணக்குல கூடும்ங்கறது அவரோட விதி, அந்தப் பரப்பக் கணக்கு பண்ணப் போனா ஒரு கோணமும் அதோட சைனும் ஒரே சமன்பாட்டுல ஜோடியா வந்து ஒக்காந்துக்குது:

நேரக் கோணம் = கோணம் − (எக்சென்ட்ரிசிட்டி × சைன் கோணம்)

நேரக் கோணம்னா, சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வந்ததுலேர்ந்து ஒரு சுத்து நேரத்துல எத்தன பங்கு ஆச்சோ, முழு வட்டத்துல அத்தன பங்கு. எக்சென்ட்ரிசிட்டின்னா நீள்வட்டம் வட்டத்துலேர்ந்து எவ்ளோ விலகியிருக்குங்கற அளவு. கோணம் தெரிஞ்சா நேரம் சட்டுனு வந்துடும். நமக்கு வேண்டியது அதுக்குத் தலைகீழ், அங்கதான் மாட்டிக்கறோம், சைனுக்குள்ள இருக்கற கோணத்த எந்த அல்ஜீப்ராவாலயும் வெளிய இழுக்க முடியாது.

அதுக்காக விடையே இல்லேன்னு இல்ல. புதன் ஒரு சுத்து வர 88 நாள், சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வந்து 14 நாள் ஆச்சுன்னா நேரக் கோணம் ஏறக்குறைய 1 ரேடியன் (முழு வட்டம் சுமாரா 6.28 ரேடியன்). எக்சென்ட்ரிசிட்டி சுமாரா 0.2. கால்குலேட்டர ரேடியன் மோடுல போடுங்க (டிகிரியில வச்சுட்டு பதில் தப்புன்னு கடுதாசி போடாதீங்க). கோணம் 1ன்னு ஊகிச்சு, சைன் எடுத்து, 0.2ஆல பெருக்கி, 1ஓட கூட்டுங்க, 1.1683 வரும். அதையே திரும்ப உள்ள போட்டா 1.1840, அப்புறம் 1.1852, அப்புறம் 1.1853, அதுக்கு மேல நகரமாட்டேங்குது பாருங்க, அவ்ளோதான். இது சூரியன்லேர்ந்து பாக்கற கோணம் இல்ல, நீள்வட்டத்தோட மையத்த வச்சு அளக்கறது, ஆனா இதுலேர்ந்து அதுக்குப் போக ஃபார்முலா இருக்கு. ஹாலி வால்நட்சத்திரத்துக்கு எக்சென்ட்ரிசிட்டி 0.967, சூரியன் பக்கத்துல வர்றப்ப இந்த வழி ஆமை மாதிரி நகரும், அப்ப விடைய இன்னும் வேகமா நெருங்கற நியூட்டன்-ராப்சன் முறைதான்.

கேள்வி: மூணு பொருள் ஒண்ணையொண்ணு இழுத்தா கணக்கே போட முடியாதாமே?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: போடலாம், கம்ப்யூட்டர்ல துளித்துளியா நேரத்த நகத்தி. எல்லாத்துக்கும் பொதுவா ஒரு கச்சிதமான ஃபார்முலாதான் கிடையாது. 1889ல ஸ்வீடன் ராஜா ரெண்டாம் ஆஸ்கரோட 60வது பிறந்தநாளுக்கு நடந்த போட்டியில இதப் பத்தி எழுதித்தான் பிரெஞ்சு கணித மேதை புவன்கரே 2500 குரோனர் பரிசு வாங்கினாரு. அச்சுக்குப் போறப்ப ஃப்ராக்மென்ங்கற இளைஞர் சில இடம் புரியலேன்னு கேக்க, மனுஷன் திரும்ப உக்காந்து பாத்தா வேற ஒரு எடத்துல பெரிய ஓட்ட! அத அடைக்கப் போனப்பதான், ஆரம்பத்துல துளி மாறினாலும் முடிவு எங்கயோ போயிடறத இன்னிக்கு கேயாஸ்னு சொல்றமே, அது மொதல்மொதலா கண்ணுல பட்டுச்சு. அடிச்ச பிரதியெல்லாம் வீணாகி மறுபடி அச்சடிச்ச செலவு 3585 குரோனர், அவர் கைக்காசு. சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!