டர்போ கார்: அந்த 34 டிகிரி எந்த இடத்துச் சூடு?

கேள்வி: என்னுடையது டர்போ பெட்ரோல் கார். ஓபிடி சாக்கெட்டில் (காரின் கம்ப்யூட்டர் தரும் எண்களைப் படிக்கும் இணைப்பு) ஒரு ப்ளூடூத் கருவியைச் செருகிப் போனில் பார்த்து வருகிறேன். ஐடிலில் இன்டேக் பிரஷர் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) 35 கிலோபாஸ்கல் காட்டுகிறது, நன்றாக மிதித்தால் 170 வரை ஏறுகிறது. "அப்படியென்றால் 1.7 பார் பூஸ்ட்" என்கிறார் நண்பர். ஆனால் இன்டேக் டெம்பரேச்சர் என்ன மிதித்தாலும் 34 டிகிரியிலேயே நிற்கிறது, வெளியே 33. இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) அவ்வளவு அருமையாக வேலை செய்கிறதா, இல்லை சென்சார் போய்விட்டதா?

பதில்: இரண்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் பிரஷரை முடித்துவிடுவோம், அது சுலபம். காரில் இந்த அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார் சுத்த வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளக்கிறது. சும்மா நிற்கும் வெளிக்காற்றே கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல். டர்போ சேர்த்துக் கொடுத்தது, அதாவது பூஸ்ட், மீதி 69தான்; 100 கிலோபாஸ்கல் ஒரு பார் என்பதால் சுமார் 0.7 பார். நண்பரிடம் சொல்லிவிடுங்கள். சந்தேகமிருந்தால் இன்ஜினை ஓடவிடாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து பாருங்கள், சென்சார் ஒழுங்காக இருந்தால் உங்கள் ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும்; 2,000 மீட்டர் உயரத்தில் அது 80-ஐ ஒட்டி இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்னொன்று, ஓபிடியில் இந்த எண் ஒரே ஒரு பைட்டில் (0 முதல் 255 வரை மட்டுமே கொள்ளும்) வருவதால் 255-க்கு மேல் காட்டவே காட்டாது. பூஸ்ட் ஏற்றி டியூன் செய்த வண்டியில் "பிரஷர் 255-லேயே நிற்கிறதே" என்று குழம்புவது இதனால்தான்.

சரி, டெம்பரேச்சர். காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 33 டிகிரியில் உள்ளே போகும் காற்றை 170-க்கு அழுத்தினால், டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், வெளியே வரும்போது 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். நல்ல இன்டர்கூலர் அதை 45, 50-க்கு இறக்கலாம், ஆனால் முழு மிதியில் வெளிக்காற்றைவிட ஒரே ஒரு டிகிரி அதிகம் என்பதை நான் நம்ப மாட்டேன். உங்கள் வண்டியில் அந்த சென்சார் பெரும்பாலும் ஏர் ஃபில்டரை அடுத்த காற்றளவு மீட்டருக்குள்ளேயே, டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. பல கார்களில் அப்படித்தான். அது பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்க நினைத்த இடத்தைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான். இன்டர்கூலருக்குப் பின்னால் இரண்டாவது சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு ஒயரோடு, பிரஷரையும் சூட்டையும் ஒரே உடம்பில் அளப்பதாக இருக்கும். அதன் எண் சாதாரண ஆப்பில் வராமல், கம்பெனி ஸ்கேனரில் மட்டும் வரக்கூடும்.

இல்லையென்றால் தனியாக ஒன்று பொருத்தலாம். இன்டர்கூலருக்கும் த்ராட்டிலுக்கும் (மிதிக்கு ஏற்பக் காற்றை உள்ளே விடும் வால்வு) நடுவிலுள்ள குழாயில், முனை காற்றோட்டத்தின் நடுவில் நிற்கும்படி வையுங்கள். முனை திறந்திருக்கும் காற்று சென்சார்தான் வேண்டும். கையில் கிடைத்தது என்று பித்தளை மூடி போட்ட கூலன்ட் சென்சாரை மாட்டிவிடாதீர்கள், அது நிதானமாகச் சூடேறி எண் காட்டுவதற்குள் நீங்கள் காலை எடுத்திருப்பீர்கள். (இதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.)

பிரஷர் மட்டும் தெரிந்தால் போதாதா என்பீர்கள். போதாது. அதே 170 கிலோபாஸ்கலில் 50 டிகிரிக் காற்றைவிட 100 டிகிரிக் காற்று ஏறத்தாழ 13 சதவீதம் லேசானது. முள் ஒரே இடத்தில் நிற்கும், இழுவை குறைந்திருக்கும்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் கழித்து எடுத்தால் இன்டேக் டெம்பரேச்சர் 65 காட்டுகிறது. சென்சாரை மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். காற்று ஓடாமல் நிற்கும்போது இன்ஜின் சூடு மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) வழியாக சென்சாருக்கும் ஏறிவிடுகிறது. ஓட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எண் இறங்கினால் பிரச்சினை இல்லை. இறங்கவே இல்லையென்றால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள்: இன்டேக், கூலன்ட், வெளிக்காற்று மூன்றும் ஓரிரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். இன்டேக் மட்டும் தனியாக நின்றால் அப்போது கழற்றுங்கள், அதுவும் கனெக்டரைச் சுத்தம் செய்து பார்த்த பிறகு.