சீரியலில் பனிக்குடம் உடைந்ததுமே குழந்தை பிறந்துவிடுகிறதே, நிஜத்திலும் அப்படித்தானா?

இல்லை. பனிக்குடம் என்பது கருப்பைக்குள் குழந்தையைச் சுற்றியிருக்கும் நீர்ப்பை. பெரும்பாலானவர்களுக்கு வலி தொடங்கிய பிறகுதான் அது உடையும். உடைந்தாலும் கருப்பை வாய் மெல்ல இளகி 10 சென்டிமீட்டர் வரை விரிய வேண்டும். முதல் பிரசவத்தில் இதற்குப் பாதி நாள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

அவ்வளவு நேரத்தை சீரியலில் காட்ட முடியாது. அதனால் அலறல், ஆம்புலன்ஸ், லேபர் வார்டு வாசலில் தவிக்கும் கணவன், குழந்தையின் அழுகுரல் என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். கிரிக்கெட் ஹைலைட்ஸ் மாதிரி: விக்கெட்டும் சிக்ஸரும் தெரியும், நாள் முழுக்க ஓடி எடுத்த ஒற்றை ரன்கள் தெரியாது. வலிக்கு நடுவே நடப்பது, மூச்சைச் சீராக்குவது, நர்ஸ் அடிக்கடி வந்து குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்ப்பது எல்லாம் அந்த ஒற்றை ரன்கள்தான். எனக்கு அதைவிட வருத்தம், பிரசவத் துணையைத் திரையில் பார்ப்பதே அரிது என்பது. தமிழக அரசு மருத்துவமனைகளில் உறவுக்காரப் பெண் ஒருவர் கூடவே இருக்கலாம். இது தெரியாமலே பல பெண்கள் பயந்துகொண்டு போகிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, 'நீர் போனாலும் வலி வரும்வரை வீட்டிலேயே இருக்கலாம்' என்று நினைப்பதும் தவறு. தொற்று ஏற்படலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், நீர் பச்சையாக இருந்தால் இன்னும் அவசரம்.